ஆயிரம் பேர் ஏரியில் இறங்கினால்... நிதி திரட்டும் நீச்சல் நடப்பது எப்படி?

மாரத்தான் ஓடி நிதி திரட்டுவது நமக்குப் பழகிப்போன விஷயம். டி-ஷர்ட், மெடல், கடைசியில் ஒரு செல்ஃபி. அதையே ஏரியில் நீந்திச் செய்கிறார்கள் வெளிநாடுகளில். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

ஓட்டத்தில் கால் வலித்தால் ஓரமாக உட்காரலாம். நடு ஏரியில் உட்கார இடம் கிடையாது. இந்த நிகழ்ச்சிகளின் மொத்த ஏற்பாடும் இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான். நம்ம ஊரில், உதாரணமாக கொல்லிமலை, காளப்பநாயக்கன்பட்டி பக்கம் அப்படி ஒன்று நடத்த என்னென்ன வேண்டும்?

முதலில், இது நமக்குப் புதுசா?

தனி ஆளாக நீந்துவது புதுசு இல்லை. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் பாக் நீரிணையை 51 மணி நேரத்தில் போக வர நீந்தினார். 2022 மார்ச் 20-ல் 13 வயது ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தார். ஆட்டிசம் பற்றிய விழிப்புணர்வுக்காக அந்த நீச்சல்.

கூட்டமாக நீந்தி நிதி திரட்டுவதற்கு நல்ல உதாரணம் ஆம்ஸ்டர்டாம் சிட்டி ஸ்விம். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் ஆராய்ச்சிக்காக 2012-ல் தொடங்கியது. முதல் வருஷமே, அப்போது இளவரசியாக இருந்த மாக்ஸிமாவும் நகரத்துக் கால்வாயில் இறங்கி நீந்தினார்.

பணம் எப்படிச் சேர்கிறது?

இரண்டு வழி. ஒன்று, நுழைவுக் கட்டணம். இது பெரும்பாலும் படகு, மீட்பு ஆட்கள், ஆம்புலன்ஸ், இன்ஷூரன்ஸ் என்று நிகழ்ச்சிச் செலவுக்கே சரியாகிவிடும். இன்னொன்று, ஸ்பான்சர். "நான் 2 கி.மீ. நீந்துறேன், நீ எவ்வளவு தர்ற?" என்று நீந்துபவர் நண்பர்களிடமும் ஆபீஸிலும் கேட்டு வாங்குவது. அறக்கட்டளைக்குப் போகும் நிஜமான தொகை இதுதான்.

கட்டணத்தில் எத்தனை ரூபாய் நன்கொடை என்று தனியாகச் சொல்லாத நிகழ்ச்சி என்றால் கேட்டுவிடுங்கள். பலரும் '80ஜி' என்று சொல்லும் வரிச்சலுகை ரசீது, நன்கொடைக்கு மட்டும்தான். டி-ஷர்ட்டுக்கும் மெடலுக்கும் இல்லை.

தண்ணீரில் என்ன நடக்கும்?

எல்லோரையும் ஒரே நேரத்தில் இறக்க மாட்டார்கள். வேகத்தைப் பொறுத்துக் குழு குழுவாக, சில நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பளிச்சென்ற ஒரு நிறத் தொப்பி. இடுப்பில் கட்டிய மிதவைப் பை பின்னாலேயே வரும். களைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். வழிநெடுக கயாக் படகுகளில் மீட்பு ஆட்கள். கையைத் தூக்கி ஆட்டினால் உதவி வரும்.

இதில் ரொம்ப முக்கியமானது, தலை எண்ணுவது. காலில் கட்டிய சிப் யார் இறங்கினார், யார் ஏறினார் என்று பதிவு செய்யும். இரண்டு எண்ணும் ஒன்றாகும் வரை நிகழ்ச்சி முடிந்ததாகக் கணக்கில்லை.

தண்ணீரை யார் சோதிப்பது?

இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரியில் நடக்கும் 'கிரேட் நார்த் ஸ்விம்' 2010-ல் ரத்தானது. காரணம், நீலப்பச்சைப் பாசி. இந்தப் பாசியின் நச்சு தோலையும் வயிற்றையும் பாதிக்கும். 1998-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஏரியில் டிரையத்லான் நடந்த பிறகு, நீந்தியவர்களிடையே எலிக்காய்ச்சல் பரவியது. மழைக்குப் பிறகு ஏரிக்குள் என்னென்ன அடித்து வருகிறது என்று நமக்கே தெரியும்.

வெயிலும் ஒரு பிரச்சினை. 2010-ல் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன், ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கி.மீ. போட்டியில் இறந்தார். இன்று சர்வதேச விதிப்படி தண்ணீர் 16 டிகிரிக்குக் குறைந்தாலும் 31 டிகிரிக்கு மேல் போனாலும் திறந்தவெளிப் போட்டி கிடையாது. நம்ம ஊர் சித்திரை மாத ஏரிக்கு இது சாதாரண எல்லை இல்லை.

கொல்லிமலையா, அடிவாரமா?

மேலே வாசலூர்பட்டியில் படகு இல்லம் இருக்கிறது. மலைத் தண்ணீர் குளுமை. ஆனால் யாருக்காவது மூச்சுத் திணறினால், 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, காரவள்ளி, காளப்பநாயக்கன்பட்டி தாண்டி நாமக்கல் போக வேண்டும். அடிவாரத்தில் ஏரி என்றால் ஆஸ்பத்திரி கிட்டே. ஆனால் தண்ணீர் சூடு. அதுவும் மழை பெய்தால்தான் தண்ணீரே.

சமவெளி ஏரிக்கு இன்னும் சில ஆபத்துகள் உண்டு. மண் அள்ளிய பள்ளம், தண்ணீருக்குள் மறைந்த கருவேல முள், காலைச் சுற்றும் கொடி. மதகு திறந்திருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். அனுமதி வாங்க, பெரிய ஏரிக்கு நீர்வளத் துறை, சின்ன ஏரிக்கு ஊராட்சி ஒன்றியம்.

உண்மையில் மலையா அடிவாரமா என்பதைவிட, கரையில் யார் நிற்கிறார் என்பதுதான் கேள்வி. மூச்சு நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும். எந்த ஆம்புலன்ஸும் அதற்குள் வராது. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேர விரயம். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். கூடவே ஒருவர் 108-க்கு அழைக்க வேண்டும்.

சரி, எதற்காக நீந்த வேண்டும்?

இந்தியாவில் வருஷத்துக்கு 35,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. உலக அளவில் 2021-ல் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் 30 வயதுக்குக் கீழே. லீவு விட்டால் ஏரி, கிணறு, கல்குவாரி என்று நம்ம ஊர் செய்திகளிலும் இதைத்தானே படிக்கிறோம்?

இதைத் தடுக்கப் பெரிய நீச்சல் குளம் தேவையில்லை. வங்கதேசத்தில் ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி, பிள்ளைகளுக்கு மிதக்கவும், கரை சேரவும், தண்ணீரில் இறங்காமலேயே அடுத்தவரைக் காப்பாற்றவும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நம்ம பக்கம் ஒரு நிதி நீச்சல் நடந்தால், அந்தப் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான செலவு இருக்காது. நிகழ்ச்சிக்காகப் பயிற்சி பெற்ற மீட்பு ஆட்களும் உள்ளூர்க்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது. நீந்த வந்தவர்கள் ஞாயிறு சாயங்காலம் ஊர் திரும்பிவிடுவார்கள். ஏரிக்கரைப் பிள்ளைகள் திங்கள்கிழமையும் அங்கேதான் குளிக்கப் போவார்கள்.

பெயர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

- கட்டணத்தில் நன்கொடை எவ்வளவு? யாருக்குப் போகிறது?
- தண்ணீர்ப் பரிசோதனை எப்போது நடந்தது? முடிவு என்ன?
- மீட்புப் படகுகள் எத்தனை? சி.பி.ஆர். தெரிந்தவர்கள் எத்தனை பேர்?
- இறங்கியவர், ஏறியவர் கணக்கு எப்படி எடுக்கிறார்கள்?
- வானிலை மோசமானால் ரத்து செய்வார்களா?

கடைசிக் கேள்விக்கு "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கரையில் நின்று கை தட்டுங்கள்.