‘நம்ம செட் இல்ல’: மனிதர்களைப் பிரிக்க எவ்வளவு சின்ன கோடு போதும்?

அலுவலக டீமுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். அதில் பிறந்தநாள் வாழ்த்து, ஹெச்ஆர் அறிவிப்பு, ‘வைஃபை வரல’ என்ற புலம்பல். அதே டீமில் நாலைந்து பேருக்கு மட்டும் இன்னொரு குரூப் இருக்கும். மேனேஜர் இன்று என்ன மூடில் இருக்கிறார், அடுத்த புராஜெக்ட்டில் யாரைப் போடப் போகிறார்கள், எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் முதலில் வரும். அப்படி ஒரு குரூப் இருப்பதே தெரியாத ஒருவர், அதே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

அவரை யாரும் வெறுக்கவில்லை. ‘நல்ல ஆளுதான், ஆனா நம்ம செட் இல்ல’. அவ்வளவுதான். அப்ரைசல் வரும்போதுதான் அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குப் புரியும்.

‘நாம்’, ‘அவர்கள்’ என்று மனிதர்கள் பிரிந்துகொள்வதை 1906-ல் வெளியான ‘ஃபோக்வேஸ்’ என்ற நூலில் அமெரிக்க சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர் விரிவாக எழுதினார். உள்ளே இருப்பவர்களோடு சமாதானம், வெளியே இருப்பவர்களோடு பகை, இரண்டும் சேர்ந்தே வரும் என்பது அவர் எண்ணம். ஆனால் அப்படிப் பிரிவதற்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்? பழைய சண்டையா? பணமா? நிலமா? சுமார் 60 ஆண்டுகள் கழித்து ஒருவர் இந்தக் கேள்வியைச் சோதனைக்கு உட்படுத்தினார்.

புள்ளி எண்ணிய பையன்கள்

அவர் பெயர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியானார். போலந்து யூதர் என்பது வெளியே தெரியாமல், பிரெஞ்சுக்காரராகவே முகாமில் காலம் தள்ளியதால் உயிர் பிழைத்தார். போர் முடிந்து வந்து பார்த்தால் குடும்பத்தில் கிட்டத்தட்ட யாருமே உயிரோடு இல்லை. எந்தக் குழுவின் பெயர் தன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதே ஒரு மனிதனின் உயிரைத் தீர்மானிக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியரான அவர், 14, 15 வயதுப் பள்ளி மாணவர்கள் 64 பேரை அழைத்தார். திரையில் கண நேரம் புள்ளிகள் தோன்றி மறையும், எத்தனை என்று குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டும். பிறகு, ‘நீ கூடுதலாக எண்ணுகிறவன்’, ‘நீ குறைவாக எண்ணுகிறவன்’ என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அது சீட்டுக் குலுக்கிப் போட்டது போலத்தான். இன்னொரு சோதனையில் பால் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யார் படம் பிடித்தது என்று கேட்டு, அதன் பெயரில் பிரித்தார்கள்.

அடுத்து, பையன்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சில்லறைக் காசு பங்கிட வேண்டும். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பெயர் தெரியாது. ஓர் எண்ணும், அவர் எந்தக் குழு என்பதும் மட்டும் தெரியும். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. அதாவது இதில் யாருக்கும் சொந்த லாபம் இல்லை, பழைய பகை இல்லை, முகம்கூடத் தெரியாது.

இருந்தும் பெரும்பாலானோர் தங்கள் குழுக்காரருக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரே குழுவைச் சேர்ந்த இரண்டு பேருக்குப் பங்கிடச் சொன்னபோது மட்டும் சரிசமமாகப் பிரித்தார்கள்.

இதுவரை ‘சரி, மனுஷ சுபாவம்’ என்று விட்டுவிடலாம். உறுத்துவது அடுத்த கட்டம். பையன்களுக்கு ஓர் அட்டவணை தரப்பட்டது. அதன் ஒரு முனையில் நம்ம ஆளுக்கு 19, அடுத்த குழு ஆளுக்கு 25. நடுவில் இருவருக்கும் தலா 13. மறுமுனையில் நம்ம ஆளுக்கு 7, அவனுக்கு 1. நம்ம ஆளுக்கு அதிகம் கிடைக்க வேண்டும் என்றால் 19-ஐத்தானே எடுக்க வேண்டும்? ஆனால் 7-க்கு 1 என்ற முனையின் பக்கமும் தேர்வுகள் சாய்ந்தன. நமக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவனைவிட ‘மேலே’ இருக்க வேண்டும். நியாய உணர்வு அந்தப் பையன்களிடம் இல்லாமல் இல்லை, பலர் 13-ஐ நோக்கியும் இழுக்கப்பட்டார்கள். அதோடு இந்த இழுப்பும் போட்டி போட்டது என்பதுதான் விஷயம். ‘அந்த டீமுக்கு மட்டும் ஹைக் வந்தா விடக் கூடாது’ என்று கேன்டீனில் பேசுபவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

ஜெயித்தால் ‘நாம’, தோற்றால் ‘அவங்க’

ஏன் இப்படி? தாஜ்ஃபெல்லும் ஜான் டர்னரும் 1979-ல் முன்வைத்த விளக்கம் இது: ‘நான் யார்’ என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, நாம் சேர்ந்திருக்கும் குழுக்களிலிருந்து வருகிறது. குழு உயர்ந்தால் நாமும் கொஞ்சம் உயர்ந்த மாதிரி. ஐபிஎல் நேரத்தில் இதைக் காதாலேயே கேட்கலாம். சென்னை ஜெயித்தால் ‘ஜெயிச்சிட்டோம் மச்சி’. தோற்றால் ‘கேவலமா ஆடித் தோத்துட்டானுங்க’. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதே போன்ற ‘நாங்கள்’, ‘அவர்கள்’ மாற்றத்தை உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் 1976-லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. நம்ம ஆட்களைப் பிடிக்கும் என்பதற்காக மற்றவர்களை வெறுத்தே ஆக வேண்டும் என்றில்லை. உளவியலாளர் மெரிலின் ப்ரூவர் 1999-ல் இதைத்தான் வாதிட்டார். பாகுபாட்டில் பெரும்பங்கு வெறுப்பிலிருந்து வருவதல்ல. உதவி, நம்பிக்கை, பரிவு எல்லாம் நம்ம வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுவதால் வருவது. சம்னர் சொன்ன ‘இரண்டும் சேர்ந்தே வரும்’ என்பது எப்போதும் உண்மையல்ல. ஆனால் வெளியே நிற்பவருக்கு இது ஆறுதல் அல்ல. ரெஃபரல் கிடைக்காதவருக்கு, அது வெறுப்பால் கிடைக்கவில்லையா, மறதியால் கிடைக்கவில்லையா என்பதில் என்ன வித்தியாசம்?

கோடு புள்ளியால் போடப்படாதபோது

ஆய்வகத்தில் பிரிந்த பையன்கள் வீட்டுக்குப் போனதும் அதை மறந்திருப்பார்கள். வெளியே கோடுகள் அப்படி அழிவதில்லை. சாதி, மதம் என்ற கோடுகளுக்குப் பின்னால் பல நூற்றாண்டு அதிகாரமும் சொத்தும் இருக்கின்றன. ‘எல்லோருக்கும் அவங்கவங்க குரூப் இருக்கு, இதிலென்ன’ என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஓர் உதாரணம். நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு, ஒரே அளவு தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர் கொண்டவரைவிட தலித் பெயர் கொண்டவருக்கும், முஸ்லிம் பெயர் கொண்டவருக்கும் அடுத்த கட்ட அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்த ஹெச்ஆர் ஊழியரிடம் கேட்டால், ‘நான் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை’ என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லத் தேவையே இல்லை.

கோட்டை மாற்றி வரைய முடியுமா?

முடியும், ஆனால் கூடவே ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவைன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நடந்து போகும்போது, ஓடிவந்த ஒருவர் தடுக்கி விழுந்து வலியில் துடிப்பதுபோல நடிப்பார். மான்செஸ்டர் சட்டை போட்டிருந்தால் கிட்டத்தட்ட எல்லோரும் உதவினார்கள். லிவர்பூல் சட்டை என்றால் பெரும்பாலோர் தாண்டிப் போனார்கள். இன்னொரு சுற்றில், முன்கூட்டியே ‘கால்பந்து ரசிகர்களாக’ தங்களைப் பற்றி யோசிக்க வைத்தபோது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவி கிடைத்தது. சாதாரண சட்டை போட்டவர் பெரும்பாலும் அப்படியே கிடந்தார். வட்டம் பெரிதானது, அவ்வளவுதான். அதற்கும் ஒரு வெளி இருந்தது.

சும்மா பக்கத்தில் உட்கார வைத்தால் போதுமா? 1954-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் முசாஃபர் ஷெரீஃப் நடத்திய முகாமில், இரு அணிகளாக்கப்பட்ட 22 சிறுவர்கள் விளையாட்டுப் போட்டிகளில் தொடங்கி, கொடி எரிப்பு, தங்குமிடத்தில் புகுந்து சூறையாடுவது வரை போனார்கள். ஒன்றாகச் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள்; சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். தண்ணீர் வராமல் போனபோதும், நின்றுபோன லாரியை எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும் என்ற நிலை வந்தபோதும்தான் மெல்ல இணைந்தார்கள்.

இந்தச் சோதனையை ஆய்வாளர்களே தூண்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு ஷெரீஃப் நடத்திய இன்னொரு முகாமில் சிறுவர்கள் முதலில் ஒன்றாகப் பழகி நண்பர்களாகிவிட்டார்கள். பிறகு பிரித்து, என்ன சீண்டியும் சண்டை மூளவில்லை. அந்தச் சோதனை ‘தோல்வி’ என்று பாதியில் கைவிடப்பட்டது. கினா பெர்ரி 2018-ல் புத்தகம் எழுதும்வரை அதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான ஒன்றை பொருளியலாளர் மேத்யூ லோ செய்தார். உத்தரப் பிரதேச கிராமங்களில் கிரிக்கெட் லீக் நடத்தி, சில அணிகளில் பல சாதி இளைஞர்களைக் கலந்தும், சிலவற்றில் ஒரே சாதியினரை மட்டும் வைத்தும் ஆட வைத்தார். ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது, சொந்தச் சாதிக்காரரையே தேர்ந்தெடுப்பது குறைந்தது. வேறு சாதியினரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் நிலைமை முன்னேறவில்லை, சில விஷயங்களில் இன்னும் மோசமானது. அதே மைதானம், அதே பந்துதான்.

அலுவலகத்தில் டீம் லஞ்ச் போட்டுவிட்டு ‘எல்லோரும் கலந்துட்டாங்க’ என்று திருப்திப்படும் மேனேஜர்கள், அந்த லஞ்ச்சில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், போட்டோ எந்த குரூப்பில் முதலில் வந்தது என்று ஒருமுறை பார்க்கலாம்.