மேல்படிப்பும் முதல் குழந்தையும்: சென்னைக்குப் படிக்கப் போகும் தம்பதிகளுக்கு



நம் கிராமத்துப் பெண்பிள்ளைகள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, எம்.எஸ்ஸி. படிக்கவும், அதற்கும் மேலே ஆராய்ச்சி செய்து பி.எச்டி. பட்டம் வாங்கவும் சென்னைக்குப் போவது இன்றைக்கு அதிசயமான காரியம் அல்ல. சேப்பாக்கம், கிண்டி, தரமணி என்று எந்த வளாகத்தில் நுழைந்தாலும் வெளிமாவட்டத்துப் பேச்சு காதில் விழும். வீட்டில் பெரியவர்களோ, "படிக்கிறது படிக்கட்டும், கல்யாணத்தை முடிச்சுட்டுப் படிக்கட்டும்" என்கிறார்கள். ஆகவே கழுத்தில் தாலியும் கையில் புத்தகமுமாக ரயிலேறும் பெண்கள் பலர். மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் படிக்கப் போகும் ஆண்களும் உண்டு.

கல்யாணமான மூன்றாம் மாதமே "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஊரில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பயந்து, இரண்டு பேரும் கலந்து பேசாமல் முதல் கர்ப்பம் தரித்து, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டால், திரும்பச் சோதனைக்கூடத்துக்குள் போவது லேசான காரியம் அல்ல. முதல் குழந்தை எப்போது என்பதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, படிப்பின் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

"கணக்குப் போட்டா பிள்ளை பெறுவார்கள்?" என்று பாட்டி கேட்கலாம். பாட்டியும் கணக்குப் போட்டவள்தான்! ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது ஏன்? ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும், தாய்க்கும் சேய்க்கும் ஆகாது என்றுதானே? அதே கணக்கு படிப்புக்கும் பொருந்தும். கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் ஏறக்குறைய பிரசவத் தேதி கிடைக்கும். ஆகஸ்டு 1-ல் மாதவிடாய் ஆனவளுக்கு மே 8 வாக்கில் பிரசவம். எம்.எஸ்ஸி. முடிவுத் தேர்வு நடப்பதும் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான்! அன்றைக்கு வெயிலுக்காக ஆடியில் பிரித்து வைத்தார்கள். இன்றைக்குப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. அதற்குச் சாதனங்கள் இருக்கின்றன.

எம்.எஸ்ஸி. என்பது இரண்டே ஆண்டுப் படிப்பு. அதுவரை முதல் குழந்தையைத் தள்ளிப் போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். பி.எச்டி. விஷயம் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி அது குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டு பெறலாம். பெண்களுக்கு இன்னும் 2 ஆண்டுச் சலுகை உண்டு; எல்லாம் சேர்த்து 10 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. 23 வயதில் சேர்ந்தவள் முடித்துவிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் 28, 29 வயதில் சேர்ந்தவள், "டாக்டர் பட்டம் வாங்கிய பிறகுதான்" என்று பிடிவாதமாக இருப்பது சரியல்ல. 30-க்கு மேல் கருத்தரிக்கும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். 35-க்கு மேல் வேகமாகக் குறையும். அப்படிப்பட்டவர்கள் முதல் ஆண்டு பாடப்பகுதித் தேர்வை முடித்துவிட்டு நடுவிலேயே ஒரு குழந்தை பெற்றுக்கொள்ளலாம். அதே விதிகளில், ஆராய்ச்சிக் காலத்தில் மகப்பேறு விடுப்பாகவோ குழந்தை பராமரிப்பு விடுப்பாகவோ 240 நாள் வரை பெண்களுக்குத் தரலாம் என்று இருக்கிறது. எம்.எஸ்ஸி. மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவுச் சலுகை பற்றி விதி வகுக்கும்படி 2021 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் மானியக் குழு கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அது எப்படி நடைமுறையில் இருக்கிறது, விடுப்பு நாளில் உதவித்தொகை வருமா என்பதை அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

ஆளுக்கொரு ஊரில் இருந்தால்

இதுதான் நான் விரிவாகச் சொல்ல வேண்டிய பகுதி. மனைவி சென்னை விடுதியில், கணவன் ஊரில். மாதம் ஒருமுறை சனிக்கிழமை காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவு திரும்புகிறார். இவர்களுக்கு இரண்டு விதமான தொல்லை வருகிறது.

முதலாவது, "அவர் வருகிற நாளில் மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டால் போதும்" என்ற தப்பெண்ணம். மாலா-என் மாத்திரை அப்படி வேலை செய்யாது. ஓர் அட்டையில் 28 மாத்திரை. 21 கருத்தடை மாத்திரை, மீதி 7 இரும்புச்சத்து மாத்திரை. கணவர் வந்தாலும் வராவிட்டாலும் தினம் ஒன்று, ஒரே நேரத்தில் போட வேண்டும். தேர்வு நாளில் சாப்பாட்டையே மறக்கிறவர்கள் மாத்திரையையும் மறப்பார்கள். அவர்களுக்குச் சாயா மாத்திரை பொருந்தலாம். இது ஹார்மோன் இல்லாத மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. (விஞ்ஞானம் படிக்கிறவர்கள் பெருமைப்படலாம்!) முதல் 3 மாதம் வாரம் இரண்டு, அதன் பிறகு வாரம் ஒன்று. சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். பயப்பட வேண்டாம், பரிசோதித்துக்கொண்டால் போதும்.

எப்போதாவது சந்திக்கும் தம்பதிகளுக்கு நிரோத் உறையே எளிது. கணவர்மார்களே, அதைச் சட்டைப்பையிலும் மணிபர்சிலும் வாரக்கணக்கில் வைத்து வேகவிடாதீர்கள். சூட்டில் ரப்பர் கெட்டுக் கிழிந்துவிடும். "மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புவது உங்களுக்குச் சுலபம். மறுநாள் காலை வகுப்புக்குப் போகிறவள் அந்த மாதம் முழுவதும் நாளை எண்ணிக்கொண்டிருப்பாள். அப்படித் தவறிவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளக்கூடாது.

இரண்டு, மூன்று ஆண்டு நிச்சயமாக வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குக் காப்பர்-டி. குழந்தை பெறாதவளுக்கு அதைப் பொருத்தக்கூடாது என்று ஊரில் பேசுவார்கள். டாக்டர் பரிசோதித்துத் தகுதி என்றால் பொருத்தலாம். எடுத்ததும் கருத்தரிக்கும் சக்தி உடனே திரும்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் நல்ல சாதனம்தான். ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு கரு உண்டாக 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம். காலண்டர் பார்த்துக் குழந்தை பெற நினைக்கும் தம்பதிகள் அதை யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் எந்த மாத்திரையையும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

இரண்டாவது தொல்லை இதற்கு நேர்மாறானது. படிப்பு முடியும் தறுவாயில் குழந்தை வேண்டும் என்கிறார்கள், வரவில்லை. ஆறே மாதத்தில் "மலடி" என்ற சொல் காதில் விழுகிறது. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். மாதத்தில் ஒரு நாள்தான் கருமுட்டை வெளிவருகிறது. அது சுமார் 24 மணி நேரமே உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணு 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக மாதத்தில் 6 நாள்தான் கரு உண்டாகக்கூடிய நாள். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் ஆகிறவளுக்கு அது ஏறக்குறைய 9-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை. கணவர் வரும் சனி, ஞாயிறு அந்த ஆறு நாளில் விழாவிட்டால் எப்படிக் கரு உண்டாகும்? கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்து, கருத்தடை எதுவும் இல்லாமல், ஓர் ஆண்டு ஆகியும் கரு உண்டாகாவிட்டால்தான் பரிசோதனை தேவை (மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம்). அந்தப் பரிசோதனையும் இருவருக்கும் நடக்க வேண்டும். மாமியார்மார்களுக்கு இந்தப் பகுதியைக் கணவரே வாசித்துக் காட்டலாம்.

இந்த ஆறு நாளைத் தவிர்த்தால் போதும், கருத்தடையே வேண்டாம் என்று சிலர் குறுக்குக் கணக்குப் போடுவார்கள். தேர்வுப் பயத்திலும் தூக்கமில்லாமையிலும் மாதவிடாய் முன்னே பின்னே போகும். அந்தக் கணக்கை நம்பக்கூடாது.

சோதனைக்கூடத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு

முதல் மூன்று மாதம் முழுகாமல் இருப்பதை வெளியே சொல்லாமல் மறைப்பது நம் வழக்கம். சோதனைக்கூடத்தில் இந்த வழக்கம் ஆபத்து. குழந்தையின் இதயம், மூளை, கை கால் எல்லாம் உருவாவது அந்த மூன்று மாதத்தில்தான். வயிறு வெளியே தெரியும் காலத்தில் அந்த வேலை முடிந்துவிடும். பார்மலின், பென்சீன், சைலீன், பாதரசம், எத்திடியம் புரோமைடு போன்றவற்றைக் கையாளுகிறவளும், கதிரியக்கப் பொருளோடு வேலை செய்கிறவளும், நாள் தள்ளியதும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கர்ப்பம் என்று தெரிந்த அன்றைக்கே வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும். கதிரியக்கக் கூடமாக இருந்தால் அங்குள்ள பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம். வேலையை விட வேண்டியதில்லை. அந்த மாதங்களில் கணக்கீடு, கட்டுரை எழுதுதல் என்று வேறு பகுதியை முன்னே எடுத்துக்கொண்டால் படிப்பும் நிற்காது. ஊரில் பெரியவர்களுக்குச் சொல்வதை வேண்டுமானால் மூன்றாம் மாதம் வரை வைத்துக்கொள்ளுங்கள்!

குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த மாதத்திலிருந்தே போலிக் அமில மாத்திரை தினமும் எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பம் ஆன பிறகு ஆரம்பிப்பது தாமதம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, டீயும் பிஸ்கட்டுமாகப் பகல் வரை ஓட்டுகிற பெண்களுக்கு இது குறைந்துபோகும். சாப்பிட்டதும் டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கடலை மிட்டாயும் நெல்லிக்காயும் சென்னையிலும் கிடைக்கும். ஊரிலிருந்து வரும் கணவர் இனிப்புப் பொட்டலத்துக்குப் பதில் முருங்கைக்கீரைப் பொடி கொண்டு வரலாம்.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

மேரி கியூரி அம்மையாரைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பாரிஸ் நகரத்துக்கு அருகில் அவருக்கும் பியருக்கும் 1895-ல் கல்யாணம். 1897-ல் முதல் குழந்தை ஐரீன். 1903-ல் அம்மையார் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டில் நோபல் பரிசும் வந்தது. நடுவில் குழந்தையை வளர்த்தது யார்? பெரும்பகுதி அவருடைய மாமனார்தான். மனைவியை இழந்த அந்தப் பெரியவர், தாமே ஒரு வைத்தியர், மகன் வீட்டில் வந்து தங்கிப் பேத்தியைக் கவனித்துக்கொண்டார். பேத்தியும் பின்னால் விஞ்ஞானியாகி, 1935-ல் நோபல் பரிசு வாங்கினார்.

நம்மிடம் பாட்டி, தாத்தா இருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாதம் அம்மா சென்னைக்கு வருகிறாளா, ஆறு மாதம் மாமியார் வருகிறாரா என்பதைக் கர்ப்பத்துக்கு முன்பே பேசி வைப்பது புத்திசாலித்தனம். குழந்தையை ஊரில் விட்டுவிட்டுத் தாய் மட்டும் சென்னை போவதை, முதல் ஆறு மாதத்திலாவது தவிருங்கள். அதுவரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர் கூட, வேண்டாம். கல்லூரிக்குப் போகும் தாய் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடிபோட்ட கிண்ணத்தில் வைக்கலாம். சென்னை வெயிலில் வெளியே அதிக நேரம் வைக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வரை தாங்கும். கொதிக்க வைக்காமல், வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிக் கரண்டியால் புகட்டலாம்.

சேர்ந்து சென்னையில் குடித்தனம் நடத்தும் கணவர்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி காலை ஆறு மணிக்குச் சமைத்து, இரவு எட்டு மணிக்குச் சோதனைக்கூடத்திலிருந்து வந்து மறுபடி பாத்திரம் தேய்த்தால் எந்த ஆராய்ச்சியும் ஓடாது. சோறு வடிப்பதும், துணி அலசுவதும், குழந்தைக்குக் கால் கழுவுவதும் உங்கள் வேலையும்தான். பணவிஷயத்திலும் ஒன்று. தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கான இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைப்பவர்களுக்கும் சில சமயம் இரண்டு மூன்று மாதம் சேர்ந்து வரும். பிரசவ மாதத்தை அதை மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

கருத்தடைச் சாதனங்கள் ஊரில் கிராம சுகாதாரச் செவிலியரிடமும், சென்னையில் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. சேப்பாக்கத்தில் படிக்கிறவர்களுக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை (கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்) பக்கம். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-லிருந்து நடந்து வருகிறது. சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம்.

கர்ப்பத்தைச் சென்னையில் பதிவு செய்தாலும் ஊரில் பதிவு செய்தாலும் மூன்று மாதத்துக்குள் செய்துவிடுங்கள். கொடுக்கும் பிக்மி எண்ணைக் கணவன், மனைவி இருவருமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறவர்கள் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் படம், இரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பெட்டிக்குள் வைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு ரயிலேறுங்கள்.