பழைய மேக்கில் கோப்புகளைக் காணோமா?

பழைய மேக் கணினிக்குள் நுழைந்ததும் திரை வெறுமையாக இருக்கிறது; பிள்ளையின் பாடக் குறிப்புகள், காலமான வாப்பாவின் படங்கள் எதையும் காணோம். அப்போது பதறி எதையும் அழித்துவிடாதீர்கள். 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் போன்ற பதிப்புகளில், ஹோம் ஃபோல்டரின் பெயரை யாராவது மாற்றினாலே இப்படி ஆகும்.

'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஹோம் ஃபோல்டர் உண்டு. அதன் பெயரும் கணக்கின் குறும்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிவிட்டால், அடுத்த முறை நுழையும்போது மேக் பழைய பெயரிலேயே காலி ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, வீட்டுப் படத்தையும் அதற்கே கொடுத்துவிடும். உங்கள் கோப்புகள் பக்கத்திலேயே, மாற்றிய பெயரில், அப்படியே இருக்கும்.

சிஸ்டம் பிரிஃபரன்சஸில் 'அக்கவுன்ட்ஸ்' சென்று இன்னொரு அட்மின் கணக்கைத் தொடங்கி, அதில் நுழையுங்கள். காலி ஃபோல்டருக்கு வேறு பெயர் வையுங்கள். உண்மையான ஃபோல்டருக்குப் பழைய பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பிறகு உங்கள் கணக்கில் நுழைந்தால் எல்லாம் தெரியும்.

லயன் (2011) பதிப்புக்கு மாறுவதானால், முதலில் டைம் மெஷின் மூலம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். அதற்கு கோர் 2 டுவோ பிராசசரும் 2 ஜிபி நினைவகமுமாவது வேண்டும். பவர்பிசி காலத்து மென்பொருள்கள் அதில் திறக்காது. கடைக் கணக்கு அப்படியொன்றில் இருந்தால் மாறாதிருப்பதே மேல். ஹோம் ஃபோல்டரில் 'லைப்ரரி'யும் தென்படாது. அது தொலையவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது: ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு 'கோ' மெனுவைத் திறந்தால் அங்கே இருக்கும்.