பழுது பார்ப்பவரைத் தேடி

‘பழுது பார்த்தல்’ என்னும் நம் வழக்கு சிந்திக்கத் தக்கது. பழுதைப் ‘போக்குதல்’ என்னாது ‘பார்த்தல்’ என்றே சொல்லி வருகிறோம். பழுது இன்னதென்று கண்டுவிட்டால், அதைப் போக்குவது பெரும்பாலும் கைவேலையே; காண்பதுதான் அரிது. பழைய கப்பற் கருவிகளோடு பழகியவர்கள் இதனை நன்கு அறிவர். அக்கருவிகளைப் பற்றியும், அவற்றைச் செப்பனிட வல்லாரைத் தேடிக் காணும் வகை பற்றியும் மாணவர்களாகிய உங்களுக்குச் சில கூற விரும்புகிறேன்.

எதிரொலி ஆழமானியை எடுத்துக்கொள்வோம். கப்பலின் அடியிலிருந்து ஓர் ஒலித்துடிப்பு புறப்பட்டுக் கடல் தரையில் பட்டு மீள்கிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். எனவே, போய்வர ஒரு வினாடி ஆயிற்று என்றால் ஆழம் அதிற் பாதி, அதாவது 750 மீட்டர் ஆகும். பழைய கருவிகளில் இந்தக் காலத்தை அளந்தது ஒரு சிறு மோட்டார். ஒலி புறப்படும் கணத்தில், மோட்டாரால் இயங்கும் முள் ஒன்று தாளின் மேல்விளிம்பிலிருந்து கீழே நகரத் தொடங்கும். எதிரொலி வந்த கணத்தில் முள்ளின் வழியே மின்சாரம் பாய்ந்து தாளில் கரும்புள்ளி இடும். தாளும் மெல்ல நகர்வதால், புள்ளிகள் கூடிக் கடல் தரையின் உருவம் கோடாக விரியும்.

இத்தகைய கருவி ஒன்று, ஒரு பழைய மீன்பிடிப் படகில் ஓய்ந்து கிடந்தது. அதைச் செப்பனிட ஆள் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு கடைக்காரர் பெட்டியைத் திறவாமலே, புதிது வாங்கிக்கொள்ளச் சொன்னார். மற்றொருவர் வால்வுகளை மாற்றினார், மின்தேக்கிகளையும் மாற்றினார். எல்லாம் ஒழுங்காக இருந்தும் எதிரொலி வரவில்லை. பின்னர், கப்பல் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைக் கண்டேன். அவர் கருவியைத் தொடுவதற்கு முன், “தம்பி, இது எத்தனை காலமாக ஓடாமல் கிடக்கிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. அவ்வகைக் கருவிகளில் படகின் அடியில் ஒலியெழுப்பும் உறுப்பு நிக்கல் தகடுகளால் ஆனது. தகடுகளில் தங்கியுள்ள காந்தத் தன்மையைக் கொண்டே அது வேலை செய்கிறது. நாளடைவில் அக்காந்தம் குன்றிவிடும். பெட்டிக்குள் எவ்வளவு தேடினாலும் அப்பழுது புலப்படாது. பெரியவர் அவ்வுறுப்பின் சுருளில் வலிய நேர்மின்னோட்டத்தைக் கண நேரம் பாய்ச்சினார். தாளில் கோடு விழுந்தது.

நாங்கள் மகிழ்ந்தோம், அவர் மகிழவில்லை. “எழுதுகிறது, சரி, உண்மையை எழுதுகிறதா?” என்றார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கி ஆழம் பார்த்தார். அதன் பின்னர் மோட்டாரின் வேகத்தைத் திருத்தினார்.

ஏன் தெரியுமா? மோட்டார் இருக்க வேண்டிய வேகத்தினும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓடுவதாகக் கொள்ளுங்கள். எதிரொலி வருவதற்குள் முள் அந்த அளவு கூடுதலான தூரம் இறங்கிவிடும். 20 மீட்டர் ஆழத்தை அது 22 மீட்டர் என்று காட்டும். இல்லாத இரண்டு மீட்டர் நீரை நம்பிச் சென்றால் படகு தரை தட்டும். ஓடாத கருவியை மாலுமி நம்பமாட்டான். ஓடிக்கொண்டே பொய் சொல்லும் கருவியை நம்பிவிடுவான். ஆதலால், கருவியை ஓட்டிக் காட்டுபவரைவிட, ஓடியபின் அதைச் சோதித்துக் காட்டுபவரையே நாம் தேடவேண்டும்.

முற்காலத்தில் அத்தகையவர் கப்பலிலேயே இருந்தார். 1912 ஏப்ரலில், பனிப்பாறையில் மோதுவதற்கு முந்தின இரவில், டைட்டானிக் கப்பலின் கம்பியில்லாத் தந்திக் கருவி பழுதுற்றது. ஜாக் பிலிப்ஸ், ஹரால்ட் பிரைட் என்னும் இரு தந்தியாளர்கள் பல மணி நேரம் உழைத்து அதைச் சரிசெய்தனர். விபத்தின்போது அக்கருவி அனுப்பிய செய்தியைக் கேட்டே கார்பேதியா விரைந்து வந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். பிலிப்ஸ் கடலில் மாண்டார். பின்னர், செயற்கைக்கோளையும் தானியங்கி அழைப்பையும் கொண்ட புதிய அபாய அறிவிப்பு முறை 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் அறிந்த வானொலி அதிகாரியின் பதவி கப்பல்களில் மெல்ல மறைந்தது. பதவியோடு, பழுது காணும் கண்ணும் கரைக்கு வந்துவிட்டது.

எல்லாப் பழைய கருவிகளையும் உயிர்ப்பிக்க இயலுமா? இயலாது. டெக்கா என்னும் வழிகாட்டும் கருவி, கரையிலிருந்த நிலையங்களின் அலைகளைக் கொண்டு கப்பலின் இடத்தைக் காட்டியது. பிரிட்டனில் அந்நிலையங்கள் 2000 மார்ச் இறுதியில் மூடப்பட்டன. அமெரிக்கா தன் லோரான் நிலையங்களை 2010-இல் நிறுத்தியது. அக்கருவிகளில் பழுதே இல்லாவிடினும், கேட்பதற்கு அலை இல்லை. ஆகவே, ஆளைத் தேடுமுன், கருவி எதனை நம்பிப் பிறந்ததோ அது இன்றும் உள்ளதா என்று அறிதல் வேண்டும். ஆழமானிக்கு அக்கவலை இல்லை. கடல் தரை அங்கேயே இருக்கிறது.

வல்லாரை எங்கே தேடுவது? ஓய்வு பெற்ற வானொலி அதிகாரிகளிடையே தேடலாம். ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்களிடையே தேடலாம். காட்சிக்கென்று காக்கப்படும் பழங்கப்பல்களிலும் தேடலாம். அமெரிக்காவில் வணிகக் கடல் மோர்ஸ் தந்தி 1999 ஜூலை 12-இல் முடிவுற்றது. ஆனால், கலிபோர்னியாவில் பாயிண்ட் ரேயஸ் என்னுமிடத்திலுள்ள கே.பி.எச். என்ற பழைய கடல் தந்தி நிலையத்தைத் தொண்டர்கள் செப்பனிட்டு உயிர்ப்பித்தார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் மோர்ஸ் ஒலியை வானில் எழுப்பும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார்கள். அவர்களுள், முன்னர் அத்தொழிலிலேயே இருந்தவர்களும் உண்டு.

அத்தகையவரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கருவியின் பெயர்த்தகட்டில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். அதன் மின்சுற்றுப் படம் கிடைத்தால் எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது ஓடியது, எவ்வாறு நின்றது என்பதைச் சொல்லுங்கள். பல்லாண்டு உறங்கிய கருவிக்கு, ‘பார்ப்போமே’ என்று மின்சாரம் கொடுத்துவிட வேண்டா. நலிந்த மின்தேக்கி வெடித்து மற்ற உறுப்புகளையும் கெடுக்கும். ராடார் போன்றவற்றில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டு அளவினது. நிறுத்திய பின்னரும் மின்னூட்டம் தங்கி உயிரைப் போக்கும்.

இன்னும் ஒன்று. அவர் வேலை செய்கையில் அருகே அமர்ந்து, செய்வதையும் அதன் காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உதிரி உறுப்பு ஒன்று கிடைக்காவிடில் வேறொன்றை ஆக்கிக்கொள்ளலாம். நிக்கல் தகட்டில் காந்தம் குன்றும் என்று அறிந்தவர் மறைந்துவிட்டால், அவ்வறிவை எந்தக் கடையில் வாங்குவது? நீங்கள் எழுதி வைக்கும் நான்கு வரி, நாளை எங்கோ ஒரு துறைமுகத்தில், ஆள் தேடி அலையும் ஒருவனுக்குப் பழுதைக் காட்டும்.