மூன்றாவது சொல்: காரைக்காலின் ஜூலை 14

வாழ்த்துச் சொல்பவர் நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. 'பொங்கல் வாழ்த்து' என்கிறார். அன்றைக்குப் பொங்கல் என்று நமக்குத் தெரியாதா என்ன? கருத்தைக் கடத்தாமல் உறவை மட்டும் கட்டிக்காக்கிற இத்தகைய பேச்சை மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் தனியே பிரித்துக் காட்டினார். ரோமன் யாகப்சன் 1960இல் அதை மொழியின் ஆறு செயற்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். 'லைன் இருக்கா, அறுந்துபோச்சா' என்று தட்டிப்பார்க்கிற செயற்பாடு அது. அர்த்தம் இல்லாத இடத்தில் அரசியலும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. யார் யாருக்கு, என்றைக்கு வாழ்த்துச் சொல்வது என்பதில்தான் அரசியலே இருக்கிறது.

எங்கள் ஊர் நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்காலுக்கு ஒரு விடுதலை நாள் போதவில்லை. ஆகஸ்ட் 15 உண்டு. நிர்வாகம் கைமாறிய 1954 நவம்பர் 1 உண்டு. சட்டப்படி கைமாறிய 1962 ஆகஸ்ட் 16ம் உண்டு. இவற்றோடு, யாரும் கணக்கில் எடுக்காத ஜூலை 14. பாஸ்தீய் சிறை தகர்க்கப்பட்ட நாள். 1880இல் பிரான்சின் தேசிய விழாவானது. அன்று காலை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள முதியவர்கள் சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டு வந்து 'போன் ஃபெத்' என்று கைகுலுக்கிக்கொள்வார்கள்.

இவர்கள் யார்? 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, சாதி மத வழக்காறுகளைக் கைவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொள்ளலாம். அப்படி வந்தவர்கள் 'ரெனோன்சான்கள்'. பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர், கிறித்தவர். பட்டாளத்துக்குப் போனவரை ஊர் 'சொல்தா' என்றது. 1962இல் ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது இங்கே பிறந்து குடியிருந்தவர்கள் இந்தியரானார்கள். பிரெஞ்சுக்காரராகவே நீடிக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். கொடுத்தவர்கள் சிறுபான்மை. 'அவனுக்கென்னப்பா, பிரெஞ்சு பென்ஷன்' என்று மற்றவர்கள் சொல்வதை இன்றும் தேநீர்க்கடையில் கேட்கலாம். அதில் பொறாமை பாதி, விலக்கம் பாதி.

'இது காலனிய அடிமைத்தனத்தின் மிச்சம், இதைப்போய் எழுதறியே' என்று தோழர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதிலைச் சைகோனிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொச்சின்சைனாவில் ரெனோன்சான்கள் போலீஸ், சிறை, வரிவசூல் வேலைகளில் இருந்தார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதியை அனுப்பும் வாக்கு அவர்களுக்கு இருந்தது. அந்த மண்ணின் வியட்நாமிய விவசாயிக்கு இல்லை. ஊரில் மிதிபட்டவன் கடல் கடந்து இன்னொருவனை மிதிக்கும் பட்டாளத்தில் நின்றான். பதக்கத்தைப் பார்க்கும்போது இதை மறக்க முடியாது.

ஆனால் அதோடு பிரதி முடிந்துவிடவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கத்தில் முதலிரண்டையும் வழக்குப் போட்டுக் கேட்கலாம். மூன்றாவதற்கு எந்த நீதிமன்றமும் உத்தரவு போட முடியாது. 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்ததும் இதைத்தான்: சகோதரத்துவம் இல்லையென்றால் மற்ற இரண்டும் வெறும் மேற்பூச்சு. காரைக்கால் கைமாறுவதற்குச் சில வாரங்கள் முன், 1954 அக்டோபர் 3 அன்று வானொலியில் பேசியபோது, இம்மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்ததாகச் சொன்னார். ஆக, அந்தச் சொல் பாரீசின் தனிச்சொத்து அல்ல. சாதிப் பட்டத்தை எழுதிக்கொடுத்து விட்டவரின் கையை இன்னொருவர் குலுக்குவது சின்னச் செயல்தான். ஆனால் மூன்றாவது சொல்லுக்கு இப்படிப்பட்ட சின்னச் செயல்களைத் தவிர வேறு உடம்பு கிடையாது. சைகோனில் அது வியட்நாமியனின் வாசலோடு நின்றுபோனது என்பதே அதன் தோல்வி.

கூட்டம் இப்போது மெலிந்துகொண்டே வருகிறது. இந்தோசீனப் போர் முடிந்த 1954இல் இருபது வயதாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. பிள்ளைகள் பாரீஸ் புறநகர்களில். வாழ்த்து வாட்ஸ்அப்பில் வருகிறது, பூங்கொத்துப் படத்தோடு. யாகப்சன் சொன்ன லைன் நன்றாகவே இருக்கிறது. இந்த முனையில்தான் ஆள் குறைகிறது.

இவர்கள் போனபின் நினைவுத்தூண் இருக்கும், சுற்றுலாத் துறை அதைப் பார்த்துக்கொள்ளும். காலனியத்தை அழகுப்பொருளாக விற்க அதற்குத் தெரியும். நம் கவலை வேறு. ஒருவரையொருவர் 'தோழர்' என்று விளிக்கிற நாமும் அந்த மூன்றாவது சொல்லைத்தான் புழங்குகிறோம். நம் கூட்டங்களும் மெலிகின்றன. நம் 'தோழர்' யாருடைய வாசலில் நின்றுவிடுகிறது? நவம்பர் 1 அன்று கொடியேற்றிவிட்டுக் கலையும்போது, குடியுரிமைக் காகிதத்தில் வேறு நாட்டின் பெயர் உள்ள பக்கத்து வீட்டுக் கிழவருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிப் பார்க்கலாம். அவர் என்ன பதில் சொல்வார் என்பது முக்கியமில்லை, சொன்னோமா என்பதுதான் கேள்வி.