வீடு தேடும் பூனைகளின் கஃபே

ஜப்பானில் பூனை கஃபேக்குப் போகிறவர்கள், அது எந்த வகைக் கடை என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. வாசலில் காலணியைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, உட்காரும் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் கட்டி உள்ளே போவது பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான். ஆனால் சில கடைகளில் இருப்பவை விலைகொடுத்து வாங்கிய உயர்ரகப் பூனைகள். வேறு சில கடைகளில் இருப்பவை தெருவிலிருந்தும் அரசுக் காப்பகங்களிலிருந்தும் மீட்கப்பட்டவை. இவற்றை 'ஹோகோ நெக்கோ' என்பார்கள்; விரும்புவோர் தத்தெடுத்துக்கொள்ளலாம். போன மாதம் உங்கள் மடியில் படுத்த பூனையை இந்த மாதம் காணவில்லை என்றால், அதற்கு வீடு கிடைத்துவிட்டது என்று பொருள். எனக்குப் பிடித்தவை இந்த இரண்டாம் வகைக் கடைகள்தான்.

பூனைகளோடு அமர்ந்து காபி குடிக்கும் கடை 1998இல் தைவானின் தைபே நகரில் தொடங்கியது. ஜப்பானுக்கு 2004இல் ஒசாகா வழியாக வந்தது. வளர்ப்புப் பிராணிகளுக்கு இடம் தராத வாடகைக் குடியிருப்புகள் அங்கே ஏராளம். பூனை ஆசையை வெளியில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆசையையே பூனைகளைக் காப்பாற்றும் வருமானமாக மாற்றலாம் என்று சிலர் கண்டுகொண்டார்கள். 2014இல் கிஃபு நகரில் காவாசே அசாமி தொடங்கிய 'நெக்கோ ரிபப்ளிக்' என்ற பூனை கஃபே, நன்கொடையை மட்டுமே நம்பாமல் கடையின் வருமானத்தில் மீட்புப் பணியை நடத்த முயன்றது. அரசுக் காப்பகங்களில் பூனைகளைக் கொல்வது 2022 பிப்ரவரி 22க்குள் அடியோடு நிற்க வேண்டும் என்று நாள் குறித்தது. பிப்ரவரி 22 அங்கே பூனை நாள்.

அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் 2004ஆம் நிதியாண்டில் ஏறக்குறைய 2,39,000 பூனைகள் கொல்லப்பட்ட நாட்டில், 2022ஆம் நிதியாண்டில் அந்த எண்ணிக்கை 10,000க்கும் கீழே இறங்கியது. கஃபேக்கள் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். தகுந்த காரணமில்லாமல் பிராணியை ஒப்படைக்க வருபவரைத் திருப்பி அனுப்பும் உரிமையை, 2012இல் திருத்தப்பட்ட சட்டம் காப்பகங்களுக்குக் கொடுத்தது. தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் பணியும் ஊர் ஊராகப் பரவியது. அறுவை முடிந்த பூனையின் காது நுனியை செர்ரிப் பூவிதழ் வடிவில் வெட்டி அடையாளம் வைப்பார்கள்.

கஃபே செய்யும் வேலை வேறு. காப்பகக் கூண்டில் அடைபட்ட பூனை பயத்தில் மூலையில் ஒடுங்கும், சீறும், சாப்பிட மறுக்கும். சில நாள் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்து. வந்து பார்ப்பவரோ 'இது முரட்டுப் பூனை' என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார். அதே பூனையை ஏறி ஒளிய உயரப் பலகைகளும் வெயில் விழும் சன்னலும் உள்ள அறையில் விட்டால், நாளாக நாளாக அதன் உண்மையான குணம் வெளியே வரும். குட்டிகளை யாரும் கேட்பார்கள். ஐந்து வயது தாண்டியதையும், கூச்சப்படுவதையும் ஏற்க ஆள் கிடைக்க வேண்டுமானால், பார்ப்பவர் பக்கத்தில் ஒரு மணி நேரமாவது சும்மா உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு இடம் தருகிறது கஃபே.

உள்ளே போனால் நீங்களாகத் தூக்காதீர்கள்; தூங்குவதை எழுப்பாதீர்கள்; ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள். தரையில் அமர்ந்தால் அதுவாக வரும்.

பிடித்துப்போனாலும் அன்றே கொண்டுபோக முடியாது. வீட்டில் பூனைக்கு அனுமதி உண்டா, குடும்பத்தில் எல்லோருக்கும் சம்மதமா, சன்னல் வழியாக ஓடிவிடாதா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பிறகு சில வாரம் சோதனைக்காக வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தடுப்பூசி, கருத்தடைச் செலவில் ஒரு பங்கையும் நீங்கள் ஏற்க வேண்டும். இந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனால் தனியாக வாழ்பவருக்கும் 60 வயது தாண்டியவருக்கும் தரவே மாட்டோம் என்று சில அமைப்புகள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பூனை 15 ஆண்டுக்கு மேலும் வாழும் என்ற கவலை நியாயமானது. தனக்குப் பின் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைக் காட்டும் முதியவருக்கு, வயதான பூனை ஒன்றைக் கொடுத்தால் இருவருக்கும் நல்லதுதானே?

தத்தெடுக்க வழியில்லாதவர்களும் தயங்காமல் போகலாம். நீங்கள் கட்டும் பணம் தீனிக்கும் மருந்துக்கும் போகிறது. போனால், நெடுநாளாக இங்கேயே இருக்கும் பூனை எது என்று கேளுங்கள். சில கடைகளில், பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. வைரஸ் தொற்றிய பூனைகள் இருக்கும் தனி அறையைக் காட்டுவார்கள். அந்தத் தொற்று மனிதருக்குப் பரவாது. பெரும்பாலும் பூனைக்குப் பூனை, ஆழக் கடித்தால்தான் பரவும். கதவை மூடிவிட்டு, அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.