மருந்துச் சீட்டோடு விளக்கமும் வேண்டும்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்தது, காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய மருத்துவமனையால். 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட அது, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. நுரையீரலுக்கென்றே பெரிய மருத்துவமனை அருகில் இருந்தும், இரவில் இளைப்பு வந்தால் தெருமுனை கிளினிக்கில் நெபுலைசர் வைத்துக்கொள்வதும், மூச்சு சீரானதும் மருந்தை மறப்பதும் இங்கே சகஜம். போகிப் புகையையோ ஜி.எஸ்.டி. சாலைப் புகையையோ, 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கில் பற்றிய தீயையோ மருத்துவரால் தடுக்க முடியாது. நோயை அடக்கி வைக்கும் வழியை அவரால் கற்றுத்தர முடியும். ஆஸ்துமா சிகிச்சையில் பாதி அதுதான்.

உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இந்தியர். ஆஸ்துமா இறப்புகளிலோ நம் பங்கு 40 விழுக்காட்டுக்கும் மேல். தடுப்பு இன்ஹேலரை முறையாக எடுப்பவர்கள் குறைவு என்பது இதற்கு முக்கியக் காரணம். உடனடி நிவாரணம் தரும் சால்பியூட்டமால் மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்காது. அதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அதை மட்டும் கொடுக்கும் சிகிச்சையை 2019-இல் கைவிடச் சொன்னது. அழற்சியை அடக்கும் புடெசோனைடு இன்ஹேலர், 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. மருந்து இருக்கிறது, அதை எப்படி, எதுவரை எடுப்பது என்ற விளக்கம்தான் பலருக்குக் கிடைப்பதில்லை.

ஓ.பி.யில் இத்தனை கூட்டத்துக்கு நடுவே விளக்க நேரம் ஏது என்று மருத்துவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மருந்தை மெதுவாக இழுத்து, சுமார் பத்து விநாடி அடக்கிக் காட்டச் செவிலியரோ மருந்தாளுநரோ போதும். மருத்துவர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வருகையிலும் நோயாளியையே செய்துகாட்டச் சொல்வதும், எந்த அறிகுறிக்கு எந்த மருந்து என்று தமிழில் எழுதித் தருவதும். தடுப்பு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு என்றதுமே பயந்து நோயாளிகளே நிறுத்திவிடுகிறார்கள் என்பது இன்னொரு வாதம். அந்தப் பயத்துக்கு மருந்து பேச்சுதான். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போவது இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில், நேரே நுரையீரலுக்குப் போகிறது; எடுத்தபின் வாய் கொப்பளித்தால் வாய்ப்புண்ணும் குறையும். இதையும், உள்ளே இருக்கும் அழற்சியைப் பற்றியும் சொன்னால், மூச்சு நன்றாக இருக்கும்போதும் ஏன் எடுக்க வேண்டும் என்பது புரியும்.

கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. மருத்துவர்களின் தொழில்நெறி விதிகள், சீட்டில் மருந்தின் பெயரைத் தெளிவாக எழுதச் சொல்கின்றன; உள்நோயாளியாக இருந்தவர் கேட்டால், சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அரசு மருத்துவமனையில் குறை இருந்தால் கண்காணிப்பாளரிடமோ 1100 என்ற எண்ணிலோ முறையிடலாம். கட்டணச் சிகிச்சையில் கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலருக்கும் அடங்காவிட்டாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 'நான் எடுப்பது சரியா, பாருங்கள் டாக்டர்' என்று கேளுங்கள்.